பன்னிரண்டு கூடையும் ஒரு கணக்கும்: திருகோணமலைக் கரையில் ஆலயச் சிரமதானம் செய்யும் முறை

ஐயாயிரம் பேர் வயிறார உண்டபின் இயேசு தம் சீடருக்கு இட்ட வேலை, எஞ்சிய துண்டுகளைப் பொறுக்குவது. ஒன்றும் வீணாகக் கூடாது என்றார். அவர்களும் பொறுக்கினார்கள். எத்தனை கூடை நிரம்பின என்பதையும் யோவான் நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் எழுதி வைத்திருக்கிறது: 12. கடற்கரையில் குப்பை பொறுக்கப் போகும் ஆலயங்களுக்கு அந்த ஒரு காட்சியே போதும். பொறுக்குவது பாதி வேலை, எண்ணுவதும் உரிய இடத்தில் ஒப்படைப்பதும் மறுபாதி. அந்த மறுபாதி விடுபட்டால், காலையில் கட்டி வைத்த சாக்குகளை மாலையில் நாயும் காகமும் கிழித்துவிடும். அடுத்த சனிக்கிழமை அதே சொப்பிங் பையை அதே மணலில் மறுபடி பொறுக்க வேண்டி வரும்.

இங்கே சொல்லும் அளவுகள், 30 பேர் ஒரு காலையில் 2 மணித்தியாலம் வேலை செய்வதற்கானவை. ஆட்கள் கூடினால் அதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளுங்கள். 60 பேருக்கு மேல் ஒரே இடத்தில் இறக்க வேண்டாம். கூட்டம் பெருத்தால் பொறுக்குவோரைவிட நின்று கதைப்போரும் படம் எடுப்போரும் மிகுந்துவிடுவர்.

நாள் குறித்தல்

நமது கரையில் வற்றுப் பெருக்குப் பார்த்து நாள் குறிக்கத் தேவையில்லை. நீர்மட்ட வேறுபாடு இங்கே ஒரு மீற்றருக்கும் குறைவு. பார்க்க வேண்டியது காற்றைத்தான். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். டச்பேயிலோ உப்புவெளியிலோ மாலையில் போடப்பட்ட இலேசான பொலித்தீன், காற்று எழும்பினால் கடலுக்குள்தான் போகும். ஒக்டோபர் பிற்பகுதியில் மழை தொடங்கி வாடைக் காற்று திரும்பியதும், கான்கள் (வடிகால்கள்) நகரத்துக் குப்பையைக் கடலில் தள்ளும், கடல் அதைக் கரையில் திருப்பிப் போடும். 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலியும் மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. ஆகவே மாரியில் கரையொதுங்குவது எல்லாம் நம் தெருக் குப்பை என்று கொள்ள முடியாது.

இதனால் ஆண்டுக்கு ஒரே ஒருமுறைதான் செய்ய முடியும் என்றால், மழைக்கு முந்திய செப்டெம்பரில் செய்யுங்கள். அப்போது கானிலும் கரையிலும் அள்ளும் ஒவ்வொரு சாக்கும் கடலுக்குப் போகாமல் தடுத்த சாக்கு. திருச்சபையின் நாட்காட்டியும் இதற்கு ஒத்துவருகிறது. படைப்புக்காகச் செபிக்கும் நாளாகச் செப்டெம்பர் 1ஐ ஓர்த்தடொக்ஸ் திருச்சபை 1989இல் குறித்தது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதையே கத்தோலிக்கருக்கும் அறிவித்தார். அன்று தொடங்கும் படைப்பின் காலம் அசிசி பிரான்சிஸின் திருநாளான ஒக்டோபர் 4 வரை நீள்கிறது. சர்வதேசக் கரையோரத் துப்புரவு நாளான செப்டெம்பர் மூன்றாம் சனிக்கிழமையும் இதற்குள் வந்துவிடும்.

ஆனால் ஆண்டுக்கொருமுறை செய்வது கரைக்குப் போதாது. மாதம் ஒரு சனிக்கிழமை, 15 பேர், ஒரே 100 மீற்றர் என்பது, ஆண்டுக்கொருமுறை 200 பேர் வருவதைவிடப் பயன் தரும். நவம்பர் முதல் ஜனவரி வரை கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் அலையோரத்தை விட்டு, ஆலயத்தைச் சுற்றிய வீதிகளையும் வெற்று வளவுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) சனிக்கிழமையில் வரும் மாதத்தில் நாளை மாற்றுங்கள், ஏனெனில் விடுமுறை நாளில் குப்பை வண்டி வராது.

காலை 6 மணிக்குக் கூடி 6:15க்குத் தொடங்கினால் 8:15க்கு முடித்துவிடலாம். 9 மணி வெயிலில் மணல் சுடும். ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) துண்டுகளும் காற்றில் ஓடத் தொடங்கும்.

இரண்டு கிழமைக்கு முன்

முதலில் செய்ய வேண்டியது வண்டியை உறுதிசெய்வது. எந்தச் சபைக்கு எழுதுவது என்பதில் பலர் தவறுகிறார்கள். நகர எல்லைக்குள் என்றால் நகரத்தின் உள்ளூராட்சி சபை, உப்புவெளி என்றால் பட்டினமும் சூழலும் பிரதேச சபை, நிலாவெளி என்றால் குச்சவெளி பிரதேச சபை. கடிதத்தில் தேதி, தொடங்கும் இடம், முடியும் இடம், எதிர்பார்க்கும் சாக்கு எண்ணிக்கை, தரம் பிரித்துத் தருவோம் என்ற உறுதி, வண்டி வர வேண்டிய இடமும் நேரமும் இருக்கட்டும். ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். மேற்பார்வையாளரின் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு வைத்து, முதல் நாள் மாலை ஒருமுறை நினைவூட்டுங்கள். வண்டி உறுதியாகவில்லை என்றால் நாளைத் தள்ளிப்போடுவதே சரி. குவித்துவைத்து எடுக்க ஆளில்லாத குப்பை, சிதறிக் கிடந்த குப்பையைவிடக் கேடு.

அடுத்தது மீனவர் சங்கம். வாடிக்கு (மீனவர் கொட்டிலுக்கு) பக்கத்தில் மணலில் கிடக்கும் வலை எல்லாம் கைவிடப்பட்டது அல்ல. காயப் போட்டதும் திருத்த வைத்ததும் இருக்கும். அந்தக் கரையில் தொழில் செய்யும் ஒருவர் கூட வந்து “இது குப்பை, இது வேண்டும்” என்று காட்டினால் ஒரு குடும்பத்தின் முதலீடு காப்பாற்றப்படும். கரைவலை இழுக்கும் நேரத்தையும் அவரிடமே கேட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

கிராம உத்தியோகத்தருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லிவிடுங்கள். பிரட்றிக் கோட்டைக்குள் என்றால் இராணுவத்தின் அனுமதி தேவை. புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் வழிகாட்டலும் இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. முருகைக் கற்களில் சிக்கிய வலையை நீந்தத் தெரிந்தவர்கள்கூட இழுக்க வேண்டாம். வலையோடு உயிருள்ள முருகையும் பெயர்ந்து வரும்.

அயலிலுள்ள கோயில், பள்ளிவாசல், விகாரைகளுக்கும் அழைப்பு அனுப்புங்கள். கரை எல்லோருக்கும் பொது. அழைத்தால் அழைத்ததுபோலவே நடத்துங்கள்: துண்டுப்பிரசுரம் வேண்டாம், பதாகை வேண்டாம், கூட்டுச் செபத்தில் நிற்கும்படி யாரையும் வற்புறுத்தவும் வேண்டாம். செபிக்க விரும்புவோர் 5:50க்கு வந்து முடித்துக்கொண்டால் யாருக்கும் சங்கடமில்லை. குப்பை பொறுக்குவதை ஆள்சேர்க்கும் தூண்டிலாகப் பயன்படுத்தினால், இந்த ஊரில் பிறகு ஒருவரும் நம்பி வரமாட்டார்கள். நம்பாததும் நியாயமே.

கருவிகள்

இணைச்சட்டம் (உபாகமம்) 23ஆம் அதிகாரத்தில் பாளையத்துக்கு ஒரு சுகாதார விதி உண்டு. ஒவ்வொருவரும் தம் கருவிகளோடு மண் தோண்டும் கோலொன்றையும் வைத்திருந்து, கழிவைப் புதைக்க வேண்டும், ஏனெனில் ஆண்டவர் அந்தப் பாளையத்தின் நடுவே நடமாடுகிறார். இடம் தூய்மையாக இருக்க நல்லெண்ணத்தோடு கருவியும் தேவை.

30 பேரை ஐவர் ஐவராக 6 குழுவாக்குங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் வேண்டியவை: கழுவிக் காயவைத்த 50 கிலோ அரிசிச் சாக்கு அல்லது உரச் சாக்கு 6, நீண்ட கைபிடியுள்ள குறடு 2, கண்ணாடிக்கு 20 லீற்றர் பெயின்ற் வாளி 1, எண்ணும் தாளும் அட்டையும் பென்சிலும். மை மழையிலும் வியர்வையிலும் கரையும், ஆகவே பென்சிலே நல்லது. கையுறை உள்ளங்கையில் இறப்பர் பூசிய துணியாக இருக்கட்டும், 30 சோடியோடு 4 சோடி மேலதிகமாக. வைத்தியசாலைகளில் போடும் மெல்லிய உறை பத்து நிமிடத்தில் கிழிந்து அதுவே இன்னொரு குப்பையாகிவிடும். கறுப்புப் பொலித்தீன் பைகளையும் தவிருங்கள். உள்ளே இருப்பது தெரியாது, கண்ணாடி பட்டால் கிழியும், குப்பைக்காக இன்னும் குப்பை வாங்கியதாகும்.

முழுக் குழுவுக்கும் பொதுவாக: 20 லீற்றர் குடிதண்ணீர்க் கலன் 2, கை கழுவ இன்னொன்று, சவர்க்காரம், 25 கிலோ தூக்குத் தராசு, மண்வெட்டி 2, விறாண்டி 2, 5 மில்லிமீற்றர் கண்ணுள்ள அரிதட்டு 1, கத்தரிக்கோல் 2, வலை அறுக்கக் கத்தி 1, முதலுதவிப் பெட்டி. கத்தி பொறுப்பாளர் கையில் மட்டும் இருக்க வேண்டும். ஊசிகளுக்காகத் திருகு மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்று, மேலே சிவப்பில் “ஊசி” என்று எழுதி. எல்லோரும் குவளையைத் தாங்களே கொண்டு வர வேண்டும் என்பதை ஆலய அறிவித்தலிலேயே சொல்லுங்கள். பொறுக்கப் போன இடத்தில் 30 தண்ணீர்ப் போத்தலைப் பகிர்ந்தால் அன்றைய வேலைக்கே பொருளில்லை.

கால்களுக்கு மூடிய சப்பாத்து. பாட்டா செருப்போடு வந்தவர்களுக்குத் தேநீர் மேசையிலும் எண்ணும் தாளிலும் வேலை கொடுங்கள்.

காலையில்

செபம் 3 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தொடக்கநூல் (ஆதியாகமம்) 2:15 ஒருவர் வாசிக்கட்டும்: மனிதரைத் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவும். முடிந்து கலையும்போது எண்ணிக்கை 6:24இன் ஆசியுரையைச் சொல்லுங்கள். ஆண்டவர் உன்னைக் காப்பாராக என்ற அந்த வரியிலும் தோட்டத்தைக் காக்கச் சொன்ன வசனத்திலும் எபிரேயத்தில் ஒரே வினைச்சொல்தான் வருகிறது: ஷாமர். கடவுள் நம்மைக் காப்பதும் நாம் மண்ணைக் காப்பதும் அந்த மொழியில் ஒரே வேலை. கடலையும் அதன் எண்ணற்ற உயிர்களையும் பாடும் திருப்பாடல் 104ஐச் சிறுவர் வாசிக்கலாம்.

பின்பு பாதுகாப்பு விதிகள், 5 நிமிடம். பிந்தி வந்தவருக்கும் தனியாகச் சொல்லாமல் கையுறை கொடுக்க வேண்டாம்.

குழுவுக்குள் வேலை இப்படி: இருவர் குறடோடு பொறுக்குவர், ஒருவர் கண்ணாடியும் கூரானவையும் மட்டும், ஒருவர் சாக்கு பிடிப்பார், ஒருவர் எண்ணி எழுதுவார். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள், கண்ணாடி எடுப்பவரைத் தவிர. அவர் பழகிய ஒருவராகவே இருக்கட்டும். கச்சான் காலத்தில் நிலப்பக்கத்திலிருந்து பொறுக்கி இறங்குங்கள், இருவரை அலையோரத்தில் நிறுத்துங்கள். கிளறும்போது பறக்கும் உறைகளை அவர்கள் பிடிப்பார்கள். வாடைக்காலத்தில் குப்பை அலை ஏறி இறங்கிய கோட்டிலும், தாழம் புதரிலும், வேலியடியிலும் சேர்ந்திருக்கும். அங்கேயே நேரம் செலவிடுங்கள்.

நேரம் குறைவென்றால் திறந்த மணலை விட்டுக் கான் வாய்களுக்குப் போங்கள். கரையில் பரவப்போகும் குப்பை முதலில் தங்கும் இடம் அதுதான். ஆனால் அங்கே இறப்பர் பூட்ஸ் போட்ட பெரியவர்கள் மட்டும் இறங்கலாம். காலிலோ கையிலோ வெட்டுக்காயம் உள்ளவர் இறங்கவே கூடாது. எலிச் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் காயத்தின் வழியே தொற்றும்.

சாக்கை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். ஈர மணல் ஒட்டிய பொலித்தீன் எதிர்பாராத பாரம் காட்டும். 10 கிலோவைத் தாண்டினால் முதியவர்களின் முதுகு பிடித்துக்கொள்ளும், சாக்கின் அடியும் பிரியும். சாக்கில் போடுமுன் ஒவ்வொன்றையும் உதறுங்கள். கரையின் மணல் கரையிலேயே கிடக்க வேண்டியது.

எடுக்கக் கூடாதவையும் உண்டு. கடற்பாசி, சிப்பி, முருகைக் கல், கரையொதுங்கிய மரம் ஆகியவை குப்பை அல்ல. அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் மணலைப் பிடித்து வைத்திருப்பவை. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களே பையை இழுக்கும் வேகத்தில் அந்தக் கொடியைப் பிடுங்கி எறிவதுண்டு. கொடியில் சிக்கிய பொலித்தீனைக் கத்தரிக்கோலால் நறுக்கி எடுங்கள், கொடியை அசைக்காதீர்கள். மணலில் ஆமை ஏறிய தடம் தெரிந்தால் அந்தப் பகுதியில் மண்வெட்டியும் விறாண்டியும் படவே கூடாது.

மணலில் புதைந்த வலையை இழுத்தால் வராது, நுனி மட்டும் அறுந்து மிச்சம் உள்ளே தங்கும். சுற்றிலும் தோண்டி, நண்டோ மீனோ உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து விடுவித்து, ஒரு மீற்றர் துண்டுகளாக அறுத்துத் தனிச் சாக்கில் போடுங்கள். தங்கூசி நூலைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்க வேண்டாம், தோலை வெட்டும். ஒரு தடித்த குச்சியில் சுற்றுங்கள். பறவைக் காலிலும் ஆமைத் துடுப்பிலும் சுற்றி இறுக்குவது இந்த நூல்தான்.

சின்னத் துண்டுகளுக்கு முழுக் கரையையும் அரிக்க முடியாது. அலைக்கோட்டில் ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் சதுரம் கீறி, மேல் மணலை மட்டும் அரிதட்டில் அரித்து எண்ணினால் போதும், மாதாமாதம் ஒப்பிட அது உதவும்.

ஆபத்தானவை

உருளை வடிவான, துருவேறிய, அடையாளம் தெரியாத இரும்புப் பொருள் எதையும் தொடவோ உதைக்கவோ வேண்டாம். போர் 2009இல் முடிந்தாலும் இந்த மாவட்டத்தில் வெடிபொருட்கள் கிடக்க வாய்ப்புண்டு. வந்த தடத்திலேயே பின்வாங்கி, எல்லோரையும் விலக்கி, 119க்கு அழையுங்கள். பழைய இரும்பு என்று எடுத்துப் போக எவரையும் விடாதீர்கள்.

ஊசியைக் குறடால் மட்டும் எடுங்கள், அதன் மூடியைப் போட முயல வேண்டாம். போத்தலை மணலில் நிமிர்த்தி வைத்து அதற்குள் போடுங்கள், ஒருவர் பிடிக்க மற்றவர் போடும் முறை ஆபத்து. போத்தலைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் இடத்தில் ஒப்படையுங்கள். குத்திவிட்டால், ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், பிதுக்கவோ உறிஞ்சவோ கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கப்பட வேண்டும், முந்த முந்த நல்லது. துருப்பிடித்த தகரம் வெட்டினாலும் ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். அம்புலன்சுக்கு 1990.

மூடிய போத்தலில் திரவம் இருந்தால் திறந்து மணக்க வேண்டாம். தனியே ஒதுக்கி வையுங்கள். புதருக்குள் கையை விடுமுன் குறடால் தட்டுங்கள், புடையன் சருகுக்குள் அசையாமல் கிடக்கும். சொறிமுட்டை (ஜெலிமீன்) பட்டால் கடல்நீரால் கழுவுங்கள், மணலால் தேய்க்க வேண்டாம். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெற்றோரோடு திறந்த மணலில் மட்டும். கான், வீதியோரம், கண்ணாடி வாளி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் அவர்களுக்கு வேலையில்லை.

யோகட் கோப்பை, இளநீர்க் கோம்பை, சிரட்டை, ரயர் ஆகியவற்றில் தண்ணீர் நின்றால் கவிழ்த்து விடுவது போதாது. டெங்கு நுளம்பின் முட்டை கோப்பையின் உட்சுவரில் ஒட்டி, காய்ந்தும் மாதக் கணக்கில் உயிரோடிருக்கும், அடுத்த மழைக்குப் பொரிக்கும். ஆகவே கோப்பையே அகற்றப்பட வேண்டும்.

பிரித்தலும் ஒப்படைத்தலும்

பிரிப்பதை முடிவில் ஒரு குவியலாகக் கொட்டிச் செய்யாதீர்கள். பொறுக்கும்போதே பிரித்தால்தான் போத்தல் சுத்தமாக இருக்கும். நாட்டில் வழங்கும் நிறங்களையே பின்பற்றி, சாக்கின் வாயிலும் கண்ணாடி வாளியிலும் துணித் துண்டு கட்டுங்கள்: உக்குபவைக்குப் பச்சை, காகிதத்துக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்குக் கபிலம். இதைவிட இரண்டு சாக்கு தனியே: வலையும் கயிறும் ஒன்று, பம்பஸ் போன்ற அசுத்தமானவை ஒன்று.

விலைபோவது எது என்று அறிய, வளைத்துப் பாருங்கள். வெயிலில் வெந்த பிளாஸ்டிக் வெளிறிப்போய் முறியும், அதை யாரும் வாங்கமாட்டார்கள். வளைந்து மீள்வதும், மணலும் எண்ணெயும் ஒட்டாததுமான தண்ணீர்ப் போத்தல்கள், தகரம், இரும்பு, உடையாத கண்ணாடிப் போத்தல்கள் ஆகியவற்றை வாங்குபவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். போத்தலை வெறுமையாக்கி, மிதித்துத் தட்டையாக்கி, மூடியைத் தனியே சேருங்கள். கிடைக்கும் பணம் சிறிது. அது அடுத்த மாதக் கையுறைக்கு.

மிச்சத்தை எரிக்கவே வேண்டாம். பொலித்தீன் புகை நஞ்சு. குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதை 2017 செப்டெம்பர் வர்த்தமானி தடைசெய்திருக்கிறது. புதைப்பதும் தீர்வல்ல, ஒரு மாரி போதும் மணலைக் கழுவி வெளியே போட.

சாக்குகளை வீதியோரத்தில் ஒரே இடத்தில், எண்ணி, தராசில் நிறுத்து, எழுதி வையுங்கள். வண்டி வந்து ஏற்றிப் போகும்வரை இருவர் காவலிருக்க வேண்டும். பிரட்றிக் கோட்டைப் பக்கம் என்றால் இது இன்னும் முக்கியம். சாப்பாட்டு வாசம் ஒட்டிய சொப்பிங் பையைப் புள்ளிமான் தின்னும். அது இரைப்பையில் தங்கி, வயிறு நிறைந்ததுபோலக் காட்டி, விலங்கைப் பட்டினியாகவே சாகடிக்கும்.

கணக்கு

எண்ணும் தாளில் 10 வரி போதும்: சொப்பிங் பை, லஞ்ச் சீற் (சோறு கட்டும் பொலித்தீன் தாள்), இனிப்பு பிஸ்கட் உறைகள், தண்ணீர் சோடாப் போத்தல், மூடி, யோகட் கோப்பையும் கரண்டியும், ரெஜிபோம், வலை கயிறு தங்கூசி, சிகரெட் அடி, கண்ணாடி. சிகரெட் அடியைப் பஞ்சு என்று விட்டுவிடாதீர்கள், அதுவும் பிளாஸ்டிக் இழைதான். ஒவ்வொரு மாதமும் அதே 100 மீற்றரை மட்டும் எண்ணுங்கள். இரு முனையிலும் அசையாத அடையாளம் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை எதைச் சொல்கிறது என்று படிக்கப் பழக வேண்டும். மூடி நிறைய, போத்தல் குறைவு என்றால், போத்தல் போடப்படவில்லை என்பதல்ல. போத்தல்களை விற்க யாராவது எடுத்திருக்கலாம், அல்லது நீர் புகுந்து அவை கடலடியில் தாழ்ந்திருக்கலாம். தண்ணீர்ப் போத்தலின் பிளாஸ்டிக் நீரைவிடப் பாரமானது, மூடியின் பிளாஸ்டிக் மிதக்கும். தங்கூசி கூடினால் வாடியில் பழைய நூல் போட ஒரு பீப்பா வைக்கலாமா என்று மீனவர் சங்கத்தோடு பேசுங்கள். கோப்பைகள் கூடினால் கடற்கரைக் கடைக்காரரோடு பேசுங்கள், குற்றம் சாட்டாமல், மூடியுள்ள ஒரு தொட்டியைக் கையோடு கொண்டுபோய். மூன்று மாதக் கணக்கை ஆலய அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

அதே தாளை எடுத்துக்கொண்டு ஒருமுறை திருவிழா முடிந்த மறுநாள் ஆலய வளவைச் சுற்றி எண்ணுங்கள். கரையில் கண்ட லஞ்ச் சீற்றும் கோப்பையும் நம் வாசலிலும் கிடக்கும். அலங்காரத்துக்குப் பொலித்தீன் கொடிகளைப் பயன்படுத்துவது, சமய விழாக்கள் உட்பட, 2017 முதலே தடை. லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் உணவுப் பெட்டியும் அப்படியே. துணிக் கொடிகளை ஒருமுறை தைத்தால் பல ஆண்டுகள் கட்டலாம். அன்னதானத்துக்கு வாழையிலை, இல்லையென்றால் ஆலயத்துக்குச் சொந்தமாக 200 எவர்சில்வர் தட்டும் குவளையும். வாங்குமுன் அவற்றைக் கழுவும் முறையைத் தீர்மானியுங்கள், ஏனெனில் தட்டு வாங்கிய பல இடங்களில் கழுவ ஆளில்லாமல் அவை அலுமாரிக்குள் தூங்குகின்றன. மூன்று பெரிய வாளி வரிசையாக: முதலாவதில் எச்சிலைத் தட்டிக் கழுவ, இரண்டாவதில் சவர்க்காரம், மூன்றாவதில் சுடுநீர். ஒவ்வோர் அன்பியமும் (பங்கின் சிறு குடும்பக் குழுவும்) முறைவைத்து ஆறு பேரைத் தர வேண்டும், ஆண்களும் சேர்ந்து. கொடியேற்றத்துக்கு மூன்று கிழமைக்கு முன் அந்தப் பெயர்ப் பட்டியல் முடிந்திருக்கட்டும்.